நெட்டை எழுத்தில் ஒரே வரி

கம்ப்யூட்டரில் எழுத்தை இழுத்துச் சுருக்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். எழுபதுகளின் கடைசியில் நாமக்கல்லில் ஒரு பிரஸ்ஸில் நான் எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர், பொம்பளை ஆள். முதலாளி சேலத்தில் மூடிய ஒரு பிரஸ்ஸிலிருந்து போஸ்டர் தலைப்புக்கென்று மரத்தில் செதுக்கிய எழுத்து ஒரு செட் வாங்கி வந்தார். தடித்த எழுத்து, ஆனால் ஒடுங்கி, நெட்டையாக, கொண்டை வால் எதுவுமில்லாமல் இருக்கும். "பட்டினி கெடந்த எழுத்தாட்டம் இருக்குதுங்க" என்று கல்யாண வீட்டார் ஒதுக்கிவிடுவார்கள். முதலாளியே வெறுத்துப்போய் அதை ரேக்கின் அடித்தட்டில் தள்ளிவிட்டார்.

ஒருநாள் எருமப்பட்டி விவசாயி செல்லமுத்து வந்தார். மாட்டுச் சந்தைக்குக் கூட்டிவந்த தம்பி ராசுவைக் காணோம். இருபது வயது, வாய் பேச வராது, வலது காதில் மட்டும் கடுக்கன். ஏதோ லாரியில் ஏறினான் என்று சந்தையில் சொன்னார்களாம். லாரிக்காரர்கள் கண்ணில் படும்படி போஸ்டர் வேண்டும் என்றார்.

நான் நெட்டை எழுத்தை எடுக்கப் போனேன். முதலாளி விடவில்லை, நல்ல அகலமான எழுத்தாகப் போடு என்றார். அகல எழுத்தில் தலைப்பு ஒரு வரியில் அடங்குமா? மேலே 'காண', கீழே 'வில்லை' என்று உடைந்து நின்றது. அப்படியே அச்சாகிப் போனது.

மறுநாளே செல்லமுத்து முகம் செத்துப்போய் வந்து நின்றார். லாரி ஸ்டாண்ட் டீக்கடைக்காரர் போஸ்டரில் கீழ் வரி 'வில்லை'யை மட்டும் பார்த்துவிட்டு, புதுசாக வந்த சூட வில்லையா, எந்தக் கம்பெனி என்று அவரிடமே விசாரித்திருக்கிறார்.

"நான் தம்பியத் தேடறேன், சனம் சூடத்தத் தேடுதுங்க" என்றார். இந்த முறை முதலாளியைக் கேட்காமல் நான் அடித்தட்டை இழுத்தேன். 'காணவில்லை' தாளின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஒரே வரியில் நின்றது.

அந்த வாரமே ஆள் கிடைத்தான். கெங்கவல்லிப் பக்கம் மரவள்ளிக் கிழங்கு லோடு ஏற்றும் இடத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தானாம். போஸ்டரைப் படித்திருந்த டிரைவர் ஒருவர் கடுக்கனை வைத்து அடையாளம் கண்டு, வீட்டிலேயே கொண்டுவந்து இறக்கிவிட்டார். அண்ணனும் தம்பியுமாகப் பிரஸ்ஸில் நுழைந்தபோது, அப்பாடா, எனக்கு உயிர் வந்தது. கொஞ்சம் அழுதும்விட்டேன்.

செல்லமுத்து இன்னொரு போஸ்டர் கேட்டார். "படிச்ச சனம் இன்னும் தேடிட்டுத் திரியுமுங்க. 'வந்தாச்சுங்க'ன்னு அதே எழுத்துல போடுங்க அம்மணி."

நெட்டை எழுத்திலும் கடைசி 'ங்க' வரிக்கு வெளியே நின்றது. எடுத்துவிடலாமா என்றேன். மரியாதை குறையுமே என்று அவர் தயங்கினார்.

"மருவாதிய நீங்க நேர்ல சொல்லிக்குங்க. சொல்லு ஒடையாம நிக்கட்டும்" என்றேன்.

தலைப்புக்கு அழகு அதுதான், பிள்ளைகளே. எழுத்தை அப்புறம் ரசிக்கலாம், முதலில் சொல் முழுசாகப் போய்ச் சேரட்டும்.

'வந்தாச்சு' போஸ்டரை ஸ்டாண்டில் அண்ணனும் தம்பியும்தான் ஒட்டினார்கள். டீக்கடைக்காரர் இந்த முறை கம்பெனி பெயர் கேட்கவில்லையாம். ராசுவைப் பெஞ்சில் உட்காரவைத்து ஒரு டீ போட்டுக் கொடுத்தாராம்.