ஓடியவனை நடந்தே பிடித்தோம்

நூறு கிலோமீட்டர் நடைப்போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறோம். இன்று விடிந்ததும் நானும் பக்கத்து வீட்டுச் செல்வியும் பயிற்சிக்காகத் திண்டிவனத்திலிருந்து ஒலக்கூர் பக்கமாக நடந்தோம்.

பின்னால் பைக்கில் வந்த ஒருத்தன் செல்வியின் தாலிச் சங்கிலியைப் பிடித்து இழுத்தான். சங்கிலியும் அறுந்தது, அவள் கழுத்தும் கிழிந்தது.

நாய்க்காக வைத்திருந்த கம்பால் அவன் முதுகில் ஓங்கி ஒன்று போட்டேன். பைக்கோடு விழுந்தவன் எழுந்து, சங்கிலியோடு வேர்க்கடலை விளைந்து நின்ற மல்லாட்டைக் கொல்லையில் இறங்கி ஓடினான்.

எங்களுக்கு ஓட வராது. நடக்கத்தான் வரும். நடந்தோம்.

அவன் மூச்சு வாங்க உட்காருவான். நாங்கள் வருவதைப் பார்த்ததும் மறுபடி ஓடுவான். ஒரு கல்லை விட்டெறிந்தான், என் நெற்றி உடைந்தது.

"இன்னா தம்பி, அதுக்குள்ள டயர்டா? நாங்க பொழுது சாயற வரைக்கும் இப்பிடியே நடந்துக்கினு வருவோம்!" என்றேன்.

கடைசியில் ஒரு பம்புசெட் அருகே மல்லாந்துவிட்டான்.

"யக்கா, கிட்ட வராதீங்கக்கா. இந்தாங்க" என்று சங்கிலியை நீட்டினான்.

செல்வி அதை வாங்கி இடுப்பில் செருகினாள். அப்புறம் ஷூவைக் கழற்றி, அவன் மூக்கில் ரத்தம் கொட்டும்வரை அறைந்தாள்.

"போதும் விடுடி, புது ஷூ பிஞ்சிடப் போவுது" என்று நான்தான் இழுத்தேன்.

ஊர்க்காரர்கள் வந்து அவனைப் போலீசில் ஒப்படைத்தார்கள். நாங்கள் ஆஸ்பத்திரியில் தையல் போட்டு உட்கார்ந்திருக்கிறோம்.

கொல்லையில் துரத்திய தூரத்தைப் பயிற்சிக் கணக்கில் சேர்க்கலாமா என்று செல்வி கேட்கிறாள். சேர்க்கலாம் என்கிறேன். நின்று அடித்த நேரத்தை மட்டும் கழிக்கணுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.