தோள் இறங்கிய மரம்

தையல்காரிக்கு வீட்டில் வைத்த பெயர் ‘ஸ்டாப்பிங்’. வைத்தவர் பஸ் டிரைவரான அவள் கணவர். மலையேறப் போனால், கோணல்மாணலாக ஒரு மரத்தைக் கண்டதும் ஆணி அடித்தாற்போல் நின்றுவிடுவாள். இத்தனை வருடம் ஊராருக்குச் சட்டை தைத்ததில், நேரான உடம்பென்று ஒன்று கிடையாது எனக் கண்டவள். மரத்தை மட்டும் விடுவாளா?

“இதுக்கு இடது தோள் இறக்கம். தோள்ல பஞ்சு பேட் வச்சுத்தான் தைக்கணும். கீழ பாருங்க, அது கூனல், அதுக்கும் கீழ ஒண்ணு இடுப்புல கைய வச்சுக்கிட்டு சண்டைக்கு நிக்குது!”

“அம்மா, அப்பாவோட பஸ்கூட இத்தனை இடத்துல நிக்காது,” என்று மகள் சலித்துக்கொண்டாள்.

அன்று டிரைவர் ஒரேயடியாகச் சொல்லிவிட்டார். “அடுத்த தடவை நீ வீட்டுலயே இரு. நாங்க போயிட்டு வர்றோம்.”

அவளுக்குச் சுருக்கென்றது. மிஷினோடு மல்லுக்கட்டும் பிழைப்பில், அவளுக்கென்று இருந்ததே இந்த நடை ஒன்றுதான். அதற்கப்புறம் உச்சிவரை எங்கும் நிற்கவில்லை. ஆனால் ஒவ்வொரு மரத்தையும் தாண்டியபின் திரும்பி ஒருமுறை பார்த்துக்கொண்டாள். ஆளைத் திருப்பி நிறுத்தி முதுகளவு எடுக்காமல் துணியில் கத்திரி வைத்தவளா அவள்?

இறங்கும்போது பனிமூட்டம் சூழ்ந்துகொண்டது. பாதை இரண்டாகப் பிரிந்தது.

“எனக்கா வழி தெரியாது?” என்று டிரைவர் முன்னே போனார். பாறை விளிம்புவரை போய், அசடு வழியத் திரும்பினார். போன் எப்போதோ செத்திருந்தது.

“வர்றப்போ பார்த்த மரம் ஒண்ணையும் காணோமே!” மகளுக்கு அழுகையே வந்துவிட்டது.

“எங்கடி போகும்? நீங்க முன்பக்கத்தை மட்டும் பார்த்தீங்க. இப்ப முதுகு தெரியுது. அதோ, தோள் இறக்கம்! ஏறுறப்போ நமக்கு வலப்பக்கம் சரிஞ்சிருந்துச்சு. இப்ப இடப்பக்கம். வாங்க என் பின்னாடி.”

தோள் இறக்கத்திலிருந்து கூனலுக்கு, கூனலிலிருந்து சண்டைக்காரிக்கு. மூட்டத்துக்குள், அடிவாரத்தில் நிறுத்தியிருந்த அவர்களுடைய கார் மங்கலாகத் தெரிந்ததும், பெருமை தாங்காமல் தையல்காரி தொண்டை கிழியக் கத்தினாள்.

“ஸ்டாப்பிங் வந்தாச்சு! எல்லாரும் இறங்குங்க!”

மகள் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். டிரைவர் தலையைச் சொறிந்தார்.

அடுத்த நடைக்கு அவளைத்தான் முன்னே விட்டார்கள். முதல் வளைவிலேயே நின்றாள். பின்னால் மொத்தக் குடும்பமும் நின்றது. டிரைவர் கழுத்தை நீட்டி மரத்தைப் பார்த்தார்.

“இதுக்கு எந்தத் தோள் இறக்கம்மா?” என்றார்.