துளசியில் மொய்த்த கறுப்பு ஈக்கள்

பாயான் லெப்பாஸில் எங்கள் வீட்டுத் துளசிப் பூக்களில் சின்னச் சின்னக் கறுப்பு ஈக்கள் மொய்த்தன. என்ன ஈ என்றுகூடப் பார்க்காமல் மூன்று நாள் பூச்சி மருந்து அடித்தேன்.

நான்காம் நாள், மறுபடி அடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு பாத்திமாக்கா வேலியோரம் வந்தார்.

"என் கெலுலுட் எல்லாம் கூட்டு வாசல்ல செத்துக் கிடக்குதுமா. யாராச்சும் மருந்து அடிச்சாங்களா? பார்த்தியா?"

கெலுலுட் என்பது பார்க்கக் கறுப்பு ஈ போலவே இருக்கும், கொட்டாத குட்டித் தேனீ. அதன் தேனைத்தான் போன மாதம் என் இருமலுக்குக் கொடுத்திருந்தார்.

"தெரியலையேக்கா" என்றேன், மருந்து டின்னை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு.

மறுநாள் போய் உண்மையைச் சொன்னேன். அக்கா திட்டவில்லை. "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

இப்போது எந்தப் பூச்சி வந்தாலும் முதலில் படமெடுத்து அக்காவிடம் காட்டுகிறேன். துளசிப் பூவில் மட்டும் படமெடுக்க ஒன்றும் வருவதில்லை.