புள்ளியியல் அறையிலிருந்து பிரசவ வார்டுக்கு

தொண்ணூறுகளின் நடுவில் பெங்களூரில் ஒரு மருத்துவக் கல்லூரியின் புள்ளியியல் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன். பிரிவு என்பது கொஞ்சம் பெரிய சொல். நூலகத்தை ஒட்டி ஜன்னல் இல்லாத ஓர் அறை, இரண்டு கம்ப்யூட்டர், கத்திக்கொண்டே அச்சடிக்கும் ஒரு பிரிண்டர், நான், டேட்டா என்ட்ரி செய்யும் ஓர் அக்கா. அவ்வளவுதான். கம்ப்யூட்டர்களுக்காக அறைக்கு ஏசி போட்டிருந்தார்கள். ஏப்ரல், மே வந்தால் டாக்டர்களுக்குப் புள்ளியியல் சந்தேகம் அதிகமாகிவிடுகிறது என்று அக்கா சொல்லிச் சிரிப்பார்.

ஆராய்ச்சி செய்யும் டாக்டர்களும், தீசிஸ் எழுதும் மேற்படிப்பு மாணவர்களும் நோயாளிகளிடம் சேகரித்த விவரங்களைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவருவார்கள். அக்கா அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவார். பிறகு முதலிலிருந்து இன்னொரு முறை ஏற்றி, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்போம். கர்ப்பமாக இருக்கும் ஆண்களும், பிறப்பதற்கு முன்பே அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் அப்போதுதான் பிடிபடுவார்கள். அதன் பிறகு என் வேலை. இரண்டு சிகிச்சைகளுக்கு நடுவே தெரியும் வித்தியாசம் நிஜமானதா, தற்செயலாகவும் வந்திருக்கலாமா என்று கணக்குப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் குழந்தைகள் பிரிவு டாக்டரம்மா. ஹூப்ளிப் பக்கத்துக்காரர். என்னிடம் தமிழிலேயே பேசுவார், நடுவில் கன்னடம் தானாக வந்து கலக்கும். மாதம் நிறையாமல் பிறந்த குழந்தைகளை, துணி மறைப்பில்லாமல் அம்மாவின் நெஞ்சோடு சேர்த்து வைத்திருப்பதைப் பற்றிய ஆராய்ச்சி அவருடையது. ஒவ்வொரு குழந்தையின் எடையும் நாள்வாரியாக எங்களிடம் வந்தது. அட்டவணைகளை அவர் முன் விரித்து விளக்கிக்கொண்டிருந்தபோது, எனக்குத் தோன்றியதைக் கேட்டேன்.

“அப்பாக்களை ஏன் சேர்க்கலை டாக்டர்?”

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். “நான் யோசிக்கவே இல்லம்மா. அவங்களை வார்டுக்குள்ளயே விடறதில்லையே.”

பேச்சு அதோடு முடிந்தது. அவருக்கு ரவுண்ட்ஸுக்கு நேரமாகிவிட்டது.

அதற்கு அடுத்த வருடம் நான் கர்ப்பமானேன். லிங்கராஜபுரத்தில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். கணவர் அப்போதுதான் வைட்ஃபீல்டில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்திருந்தார். காலையில் ஆபீஸ் பஸ் பிடித்தால் விளக்கு வைத்த பிறகுதான் வீடு திரும்புவார். ஏழாம் மாதத்தில் கால் வீங்கத் தொடங்கியது. எல்லோருக்கும் வருவதுதான் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் காலை தலை வலித்தது. தலைவலியோடுதான் வேலைக்குப் போனேன்.

எலும்பு முறிவுப் பிரிவு மாணவர் ஒருவர் எதிரே உட்கார்ந்து தன் தீசிஸைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பேசப் பேசத் திரையில் இருந்த எண்கள் கலங்கின. இடுப்பிலிருந்து சுரீரென்று ஒரு வலி கிளம்பியது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அவர் பேச்சை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார், காலைப் பார்த்தார்.

“மேடம், எழுந்திருக்காதீங்க. அப்படியே உக்காருங்க.”

நான் உட்கார்ந்திருந்த, சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலியோடு என்னை அறைக்கு வெளியே தள்ளினார். அந்த நாற்காலியின் ஒரு சக்கரம் எப்போதும் இடது பக்கமே இழுக்கும். அக்கா அந்தப் பக்கத்தைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடி வந்தார். பிரசவ வார்டு, கட்டடத்தின் மறுகோடியில் இருந்தது. வலிக்கு நடுவே நான் கேட்டேன், “உங்களுக்குப் பிரசவம் பார்க்கத் தெரியுமா?”

“நான் எலும்பு டாக்டர் மேடம். எனக்கு இப்போதைக்கு ஓடத்தான் தெரியும்.”

அவர் ஓடியதால்தான் நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். என் ரத்த அழுத்தம் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. உடனே அறுவை சிகிச்சை செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை, ஒரு கிலோவைக் கொஞ்சம் தாண்டிய எடை. நான் கண் விழித்தபோது அவளைக் குழந்தைகள் பிரிவுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். எனக்கு அழுத்தம் இறங்கவில்லை, படுக்கையை விட்டு அசையக் கூடாது என்றார்கள்.

அடுத்து நடந்ததெல்லாம் கணவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வைட்ஃபீல்டிலிருந்து வந்து சேர்ந்தவர் குழந்தைகள் வார்டு வாசலில் நின்றிருக்கிறார். டாக்டரம்மா வெளியே வந்து, “கையைக் கழுவிட்டு உள்ள வாங்க” என்றிருக்கிறார். அன்று அவருக்குக் குழந்தையின் முகத்தைக் கண்ணாடி வழியே காட்டியதோடு சரி. சில நாள் கழித்து, மூச்சு சீரானதும், டாக்டரம்மா ஒரு சாய்வு நாற்காலியைக் காட்டினாராம்.

“ஷர்ட் பட்டனைக் கழட்டுங்க.”

“நானா டாக்டர்?”

“அம்மா எழுந்து வர இன்னும் நாளாகும். அதுவரைக்கும் நீங்கதான். அப்பாக்களை ஏன் சேர்க்கலைன்னு உங்க மிஸஸ் என்னைக் கேட்டாங்க. அதுக்கு இப்பதான் பதில் சொல்றேன்.”

நர்ஸ்களும் மற்ற அம்மாக்களும் இருக்கும் அறையில் சட்டையைத் திறப்பதற்கு என் கணவர் மிகவும் கூச்சப்பட்டிருக்கிறார். மூலையில் ஒரு திரையை இழுத்துவிட்டார்கள். குழந்தையை நெஞ்சில் வைத்ததும் கூச்சமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை என்றார். “அவ மூச்சு விடறது எனக்கு உள்ள கேக்குது” என்று என் படுக்கைக்குப் பக்கத்தில் நின்று சொன்னார். எனக்குப் பொறாமையாக இருந்தது. நிம்மதியாகவும் இருந்தது.

டாக்டரம்மா தினமும் என்னைப் பார்க்க வந்தார். அவர் எனக்கு டாக்டர் இல்லை, வர வேண்டிய அவசியமும் இல்லை. முதல் நாள் நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“டாக்டர், பிழைப்பாளா?”

எத்தனையோ குழந்தைகளின் எடையைக் கூட்டி வகுத்தவள் நான். இந்த எடையில் பிறந்தால் என்னவெல்லாம் ஆகலாம் என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும்.

“உன்கிட்ட போய் நான் என்ன பர்சென்டேஜ் சொல்றது? இன்னைக்கு ஆராமா, நல்லா இருக்கா. நாளைக்கு வந்து நாளைக்குச் சொல்றேன்.”

சொன்னபடி மறுநாள் வந்தார். ஒரு நாள், “இன்னைக்கு சொல்ப கஷ்டம், மூச்சு விட்டுவிட்டு வருது” என்றார். அதையும் மறைக்கவில்லை. அதனால்தான் அதற்கு மறுநாள் “ஆராமா இருக்கா” என்று அவர் சொன்னதை என்னால் நம்ப முடிந்தது. அந்த நாட்களில் நான் முழுதாக நம்பியது அந்த ஒரு குரலை மட்டும்தான்.

அக்கா ரிச்சர்ட்ஸ் டவுனில் இருந்த தன் வீட்டிலிருந்து தினமும் கஞ்சி கொண்டுவந்தார். புள்ளியியல் அறைக்கு வருகிறவர்களிடம், “மேடம் லீவு. அவசரம்னா அடுத்த மாசம் வாங்க” என்று சொல்லி அனுப்பினார். என் வேலைக்கு வேறு ஆள் போடலாமா என்று ஆபீஸில் பேச்சு வந்தபோது, நான் திரும்பும்வரை எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்வதாக அடித்துச் சொல்லியிருக்கிறார். எனக்கு அது வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. கேட்டதற்கு, “நீ அப்போ இருந்த நிலைமையில அதெல்லாம் எதுக்கு கண்ணு சொல்லணும்?” என்றார்.

எலும்பு டாக்டரும் பிஸ்கட் பாக்கெட்டோடு ஒரு நாள் வந்தார். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டார், தீசிஸ் பேச்சை எடுக்கவில்லை. நான்தான் கேட்டேன், “உங்க தீசிஸ் எப்போ குடுக்கணும்?”

“அதை விடுங்க மேடம்.”

“எப்போ?”

“அடுத்த வாரம்.”

“அச்சடிச்சு எடுத்துட்டு வாங்க.”

நர்ஸ் முறைத்தார். இருந்தாலும் மறுநாள் அவருடைய அட்டவணைகளைப் படுக்கையில் பரப்பி, எந்த இரண்டு குழுக்களை ஒப்பிட வேண்டும், எதை ஒப்பிடக் கூடாது என்று பென்சிலால் குறித்துக் கொடுத்தேன். அவர் எனக்கு நன்றி சொன்னார். உடைந்த எலும்புகள் எத்தனை வாரத்தில் கூடின என்று பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பொழுதில் நான் பயப்பட மறந்திருந்தேன். நன்றி நான்தான் சொல்லியிருக்க வேண்டும்.

ஒருவழியாக என்னை எழுந்து நடக்க விட்டார்கள். குழந்தை என் நெஞ்சுக்கு வந்தாள். அப்பாவிடம் பழகியவள் என்னிடம் முதலில் நெளிந்தாள், பிறகு தூங்கிப்போனாள். எடை கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. வீட்டுக்குப் போன பிறகும் கணவர் அவளைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு மொட்டை மாடியில் உலாத்துவார். கீழ் வீட்டு ஆன்ட்டி அண்ணாந்து பார்த்து, “ஏம்பா, நீயா பெத்த?” என்று கேட்டார்.

மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு, டாக்டரம்மா மறுபடியும் எங்கள் அறைக்கு வந்தார். இந்த முறை அப்பாக்களையும் சேர்த்து ஓர் ஆராய்ச்சி. நான் கணக்குப் பார்த்துத் தர வேண்டும் என்றார்.

“என்னால முடியாது டாக்டர். பதில் என்னவா வரணும்னு எனக்கு ஏற்கனவே ஆசை இருக்கு. நான் தொடக் கூடாது. வேற ஒருத்தரை ஏற்பாடு பண்றேன்.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “சரி, நீ வேண்டாம். உங்க மிஸ்டரை அனுப்பு. வர்ற அப்பா எல்லாம் பட்டனைப் பிடிச்சிட்டு நிக்கறாங்க.”

அப்படித்தான் என் கணவர் சனிக்கிழமைகளில் அந்த வார்டுக்குப் போகத் தொடங்கினார். அவருடைய கன்னடம் அரைகுறை. ஆட்டோ ஓட்டுகிறவர்களும் கட்டட வேலை செய்கிறவர்களும் வாசலில் தயங்கி நிற்பார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, குழந்தையின் தலையை எந்தப் பக்கம் சாய்க்க வேண்டும், தும்மல் வந்தால் எப்படி அடக்குவது என்று சொல்லிக்கொடுப்பார். டாக்டரம்மா ஓய்வு பெற்று ஹூப்ளிக்குப் போன பிறகும் கணவர் வார்டுக்குப் போவதை நிறுத்தவில்லை. ஒரு நாள் அவரை அழைத்துவர நான் போயிருந்தேன். திரைக்குப் பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது. “பயப்படபேடி சார், பயப்படாதீங்க. மெதுவா மூச்சு விடுங்க. அவளுக்கு அது கேக்கும்.”