விழாத கல்

என் அக்காவின் கணவர் தரைக்குப் பாலிஷ் போடுகிறவர். நாள் முழுக்க முழங்கால் வரை தண்ணீர் தெறிக்க மெஷினோடு நிற்பார், ஆனால் ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டார். கட்டி முடியாத கட்டடங்களில் ஒதுங்க இடம் ஏது? குடிக்காமலே இருந்து பழகிவிட்டார். பதினோரு வருடம் நானும் அவரும் ஒரே மெஷினைத்தான் மாடி மாடியாகத் தூக்கியிருக்கிறோம். வாய் ஓயாத மனிதர். கேலி பேசாமல் அவருக்கு ஒரு வேலை நடக்காது.

ஒரு நாள் மதியம் மெஷினை அப்படியே விட்டுவிட்டு, வலது விலாவைப் பிடித்துக்கொண்டு ஈரத் தரையில் புரண்டார். ஸ்கேனில், சிறுநீர்க் குழாயில் ஒரு கல். ஐந்து மில்லிமீட்டர்.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். "மிளகளவுதான். தண்ணி நிறைய குடிங்க. வலிக்கு ஒரு மாத்திரை, குழாயைத் தளர்த்த ஒரு மாத்திரை தரேன். பெரும்பாலும் தானா வந்துடும். வரலைன்னா வெளியிலேருந்து அதிர்வு கொடுத்து உடைக்கலாம். இல்லைன்னா சிறுநீர் வர்ற வழியாவே சின்ன கேமரா விட்டு, லேசர்ல பொடியாக்கலாம். ஒவ்வொரு தடவையும் சிறுநீரை வடிகட்டிப் பாருங்க, கல்லு கிடைச்சா கொண்டு வாங்க. வலி நின்னாலும் நாலு வாரத்துல ஸ்கேனுக்கு வந்தே ஆகணும்."

அத்தான் காதில் ஏறியது கேமரா மட்டும்தான். வெளியே வந்ததும், "எந்த வழியா விடுவாங்களாம், கேட்டியா மாப்ளே?" என்று மூன்று முறை கேட்டார்.

அக்கா அன்றே ஒரு டீ வடிகட்டி வாங்கினாள். சமையலறை வடிகட்டியோடு மாறிவிடக் கூடாதென்று பிடியில் சிவப்பு நூல் கட்டி, சாப்பாட்டுப் பையில் வைத்து வேலைக்கும் அனுப்பினாள். அது கட்டடத்தில் வேலை செய்த எலக்ட்ரீஷியன் கண்ணில் பட்டது. சாயங்காலத்துக்குள் அத்தானுக்கு 'டீ மாஸ்டர்' என்று பெயர் விழுந்துவிட்டது. ஊரையே கேலி பேசியவருக்கு அது தாங்கவில்லை.

பத்தாம் நாள் வலி நின்றது. வடிகட்டியில் ஒன்றும் விழவில்லை. "வலி போச்சுன்னா கல்லும் போச்சு" என்றார். அக்கா விடவில்லை. "கல்லை நான் கண்ணால பாக்கணும். இல்லைன்னா ஸ்கேனுக்குக் கிளம்புங்க." ஸ்கேன் என்றால் அடுத்தது கேமராதான் என்று அவருக்குப் பயம்.

கல்லுக்கா எங்களுக்குப் பஞ்சம்? நான்தான் மொசைக் சில்லு ஒன்றை எடுத்து நீட்டினேன். "இது விழுந்திருந்தா நான் உயிரோட இருப்பேனாடா?" என்றார். கழுவிவிட்ட சேற்றைக் கிளறி, மிளகளவில் பழுப்பாய் ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். வயிறு வலிக்கச் சிரித்தோம். இன்று நினைத்தால் வயிறு எரிகிறது.

அக்கா அதைப் பார்த்ததும் அழுதேவிட்டாள். டாக்டரம்மாவிடம் காட்டத் தாளில் மடித்து வைத்தாள். மறுநாளே அத்தான் அதைத் தொலைத்துவிட்டார். "போனா போகட்டும், விழுந்துடுச்சே, அது போதும்" என்றாள். நாலாவது வாரம் வந்தது, போனது.

ஒன்றரை வருடம் கழித்து அத்தானுக்கு இடுப்பில் ஒரு கனம், எப்போதும் சோர்வு. தெருமுனை டாக்டர் பழைய கதையைக் கேட்டபோது அக்கா முந்திக்கொண்டாள். "அந்தக் கல்லு விழுந்துடுச்சு டாக்டர், நானே பாத்தேன்." அவர் தசைப்பிடிப்பு என்று மாத்திரை எழுதினார். அத்தான் வாயைத் திறக்கவில்லை. நானும்தான். அதில் இன்னும் சில மாதம் போயிற்று.

கடைசியில் குளிர்காய்ச்சலில் தூக்கிப் போட, டாக்டரம்மாவிடமே ஓடினோம். கல் அசையாமல் குழாயை அடைத்துக்கொண்டிருந்தது. தேங்கிய சிறுநீர் வலது சிறுநீரகத்தை வீங்க வைத்து, சத்தமில்லாமல் பாழாக்கியிருந்தது. "வலியே இல்லாமலும் அடைக்கும். அதுக்குத்தான் வரச் சொன்னேன். இனிமே இது வேலை செய்யாது, எடுத்துடணும்" என்றார்.

"விழுந்த கல்லைப் பாத்தேனே!" என்றாள் அக்கா.

"ரெண்டு கல்லு இருந்திருக்கலாம்மா." எங்கள் பொய்க்கு, தெரியாமல், அவரே முட்டுக் கொடுத்துவிட்டார்.

ஆபரேஷனுக்குக் கொண்டுபோகும் முன் அக்கா அத்தானின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான்தாங்க உங்களைக் கெடுத்துட்டேன். ஒரு கல்லைப் பாத்துட்டு, ஸ்கேனை விட்டுட்டேனே. என்னை மன்னிச்சிடுங்க."

இப்போதாவது சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு அவள் தலையைத் தடவினார்.

"விடு, பரவாயில்ல. நீ தெரியாமத்தானே செஞ்சே?"

அவர்மேல் அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. படுக்கையைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"உன் அத்தானுக்கு எவ்வளவு பெரிய மனசு, பாத்தியாடா?"

"ஆமாக்கா" என்றேன்.