ஏற்றத்தில் பெட்ரோல், இறக்கத்தில் நியூட்ரல்

டாக்சி எப்போதும் இரண்டு பேரைச் சுமந்துகொண்டு போகும்: பின்சீட்டில் உட்கார்ந்து காசு கொடுப்பவர் ஒருவர், பெட்ரோல் டேங்கில் உட்கார்ந்து அதை வாங்கிக்கொள்பவர் இன்னொருவர்.

எழுபத்துமூன்றின் கடைசியில் அரபு நாட்டுச் சண்டையைப் பற்றிப் பேப்பரில் படித்தபோது, அது நம் ஊர்ச் சங்கதி இல்லை என்றுதான் நினைத்தேன். சில வாரங்களிலேயே அந்தச் சண்டை பெட்ரோல் விலையேற்றமாகக் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் வாசலில் நின்ற என் பழைய அம்பாசிடரைத் தேடி வந்துவிட்டது. அந்தக் காலத்தில் ஸ்கூட்டரோ காரோ வைத்திருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பங்கில் வண்டியை நிறுத்தினால் முதலில் கை போனது டேங்க் மூடிக்கல்ல, நெற்றிக்கு.

நான் அதற்கு முன் கல்கத்தா ரோட்டில் லாரி ஓட்டியவன். போனால் வாரக்கணக்கில் வீடு திரும்ப முடியாது. அதை விட்டுவிட்டு வாங்கிய கார் இது. சோழவரத்தில் ஒருவர் இதை விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். கொடுத்தால் நான் மறுபடி லாரிக்குத்தான் போக வேண்டும். கொடுக்காமல் இருப்பதற்காக நான் செய்தவற்றைத்தான் கீழே சொல்கிறேன். நீங்களும் இவற்றில் பாதியைச் செய்திருப்பீர்கள்.

பாலத்து இறக்கம்

இறக்கத்தில் இன்ஜினை அணைத்துவிட்டு நியூட்ரலில் உருட்டினால் பெட்ரோல் மிச்சம் என்று லாரிக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் எங்கள் பக்கம் தாம்பாளம் மாதிரி தட்டையான பூமி. இறக்கம் என்றால் ஆரணி ஆற்றுப் பாலம் முடியும் இடமும், ஏரிக்கரையிலிருந்து ரோடு கீழே இறங்கும் சில இடங்களும்தான். அவற்றில் ஒன்றைக்கூட நான் வீணாக்கியதில்லை.

கவரைப்பேட்டைப் பக்கத்தில் நெல் நிலம் வைத்திருந்த ஒரு பெரியவர் ஒருநாள் சவாரிக்கு வந்தார். பாலத்து இறக்கத்தில் சத்தம் நின்றதும், "இன்னாபா, வண்டி பூட்ச்சா?" என்று கதவைப் பிடித்துக்கொண்டார். விஷயத்தைச் சொன்னேன். நிதானமாகத் தலையாட்டினார். அதற்குப் பிறகு ஒவ்வோர் இறக்கத்தையும் என்னைவிட அவர்தான் கவனமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டு வாசலில் இறங்கி, வாடகையைக் கேட்டதும் மடியை அவிழ்க்காமலே சொன்னார்: "இன்ஜின் ஓடினதுக்குக் கேளு, தரேன். அது சும்மா உருண்டுகினு வந்ததுக்கெல்லாம் கேட்டா எப்டி?"

தின்பதும் குடிப்பதும்

ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் புதிதாக ஒரு தொழிற்சாலை எழும்பியிருந்தது. அதன் மேனேஜர் தினமும் மெட்ராஸிலிருந்து ரயிலில் வருவார். தொழிற்சாலைக்கு மாத வாடகையில் ஒரு கார் தேவைப்படும் என்று பேச்சு. அது எனக்குக் கிடைத்துவிட்டால் சோழவரத்துக்காரருக்கு இல்லை என்று சொல்லிவிடலாம். மேனேஜரை ஒரு வாரம் நானே ஏற்றிப்போனேன். கதவைத் துடைத்தேன், சீட்டுக்கு வெள்ளை உறை போட்டேன்.

அடுத்த தடவை பெட்ரோல் விலை ஏறியதும் வாடகையைக் கொஞ்சம் கூட்டிச் சொன்னேன். மறுநாள் காலை மேனேஜர் ரயிலை விட்டு இறங்கினார். என் காரையும் அதன் வெள்ளை உறையையும் ஒரு தடவை பார்த்தார். பிறகு நேராகப் போய்க் காதர் பாயின் ஜட்காவில் ஏறிக்கொண்டார். காதர் பாய் எனக்கு வெகுகாலச் சிநேகிதர், ஸ்டேஷன் வாசலில் எனக்கு முன்பே வண்டி நிறுத்தியவர். சவாரியை விட்டுவிட்டுத் திரும்பி வந்தவர் குதிரைக்குப் புல்லைப் போட்டபடி எனக்கு ஆறுதல் சொன்னார்: "பேஜாரா கீதா தேவராஜு? என் வண்டி தின்னுது, உன் வண்டி குடிக்குது. குடிக்கிறதக் கட்டிகினு யாருபா உருப்பட்டிருக்கான்?"

எடை

எளாவூர் செக்போஸ்ட் அருகே ஒரு மெக்கானிக் இருந்தார். யாராக இருந்தாலும் 'நைனா' என்றுதான் கூப்பிடுவார். அதனால் எல்லோரும் அவரையும் நைனா என்றே கூப்பிட்டோம். வண்டியில் எடை குறைந்தால் பெட்ரோலும் குறையும் என்றார். ஸ்டெப்னி, ஜாக்கி, தண்ணீர் கேன், எல்லாவற்றையும் வீட்டில் இறக்கி வைத்துவிட்டுப் போய் நின்றேன். டிக்கியைத் திறந்து பார்த்தார். திருப்திதான். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அத்தெல்லாம் சரி நைனா, இந்தத் தொப்பைய எந்த ஊட்ல எறக்கி வெக்கப் போற?"

கல்யாணச் சவாரி

கடைசி வழி மண்ணெண்ணெய். நைனா பானெட்டுக்குள் ஒரு சின்ன டின்னைப் பொருத்தி, ஒரு குழாயும் திருகும் வைத்துக் கொடுத்தார். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, இன்ஜின் சூடானதும் மண்ணெண்ணெய்க்குத் திருப்ப வேண்டும். நிறுத்துவதற்குக் கொஞ்சம் முன்பு மறக்காமல் பெட்ரோலுக்குத் திருப்பிவிட வேண்டும். மறந்தால், ஆறின இன்ஜின் மண்ணெண்ணெயில் கிளம்பாது.

பழவேற்காட்டுப் பக்கம் ஒரு மீனவக் குப்பத்துக்குப் பெண் மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு போனேன். ஊர் எல்லையில் அம்மன் கோயிலில் தேங்காய் உடைக்க நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தினேன், திருப்ப மறந்தேன். கற்பூரம் அணைந்து, விபூதி பூசி, எல்லோரும் ஏறி உட்கார்ந்த பிறகும் வண்டி இருமியதே தவிர நகரவில்லை. ராகுகாலம் நெருங்கியது. மாப்பிள்ளையின் சித்தப்பா கரைப் பக்கம் பார்த்து ஒரு குரல் கொடுத்தார். படகைக் கரையேற்றும் கயிற்றோடு ஆட்கள் வந்தார்கள். பம்பரில் கட்டி, படகை இழுக்கும் அதே ஏலேலோவோடு, பெண் மாப்பிள்ளையை உள்ளே வைத்தே இழுத்துப் போய் வாசலில் நிறுத்தினார்கள்.

ஆரத்தி எடுக்க வந்த மாமியார், மருமகள் பக்கம் குனிந்ததும் மூக்கைச் சுளித்தார். "பொண்ணு மேல இன்னாடி ஸ்டவ்வு வாசன? வர்ற வழியிலயே சமைக்க உட்டுட்டாங்களா?"

வீட்டு அடுப்பு

டின்னைக் கழற்றியதற்கு அந்தக் கல்யாணம் காரணமில்லை. ரேஷன் மண்ணெண்ணெய் முழுவதும் காருக்குள் போவதை என் மனைவி சரோஜா சில நாட்கள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் மத்தியானம் பசியோடு வந்து சாப்பாடு கேட்டேன். கழுவிய அரிசியைப் பானையோடு கொண்டுவந்து கார் பக்கத்தில் வைத்தாள். "பானெட்டத் தொற. உள்ள அடுப்பு கீதே, அதுலயே ஒல வெச்சிக்கோ."

ரயில்வே கேட்

இனி காரைக் கொடுத்துவிடுவதென்று சோழவரத்துக்காரரை வரச் சொல்லி ஆள் அனுப்பிவிட்டேன். அவர் வருவதாகச் சொன்ன நாளில் தொழிற்சாலை வாட்ச்மேன் சைக்கிளில் பறந்து வந்தார். மெஷினில் ஒருவருக்குக் கை மாட்டிக்கொண்டதாம். போனேன். ஏழுமலை என்ற தொழிலாளி, பக்கத்துக் கிராமத்துக்காரர், வலது கையில் சுற்றிய வேட்டி முழுக்க ரத்தம். மேனேஜர் என் பக்கத்தில் முன்சீட்டில் ஏறினார். பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு அன்று நான் ஓட்டிய வேகத்தில் பெட்ரோல் சிக்கனம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

பொன்னேரியில் கேட் மூடியிருந்தது. ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தேன். கேட்கீப்பர் கையை விரித்தார். கூட்ஸ் வண்டி வந்துகொண்டே இருந்தது. மேனேஜருக்கு வியர்த்து ஊற்றியது. பின்னால் ஏழுமலை, உதட்டைக் கடித்துக்கொண்டு கிடந்தவர், மெதுவாகத் தலையைத் தூக்கினார். "அண்ணே, இன்ஜினு ஓடிகினே கீது பாரு. பெட்ரோலு வீணாப் போவுது, ஆஃப் பண்ணுண்ணே."

மேனேஜர் திரும்பி அவரைப் பார்த்தார்.

நிற்கும் வேலை

ஏழுமலைக்கு விரல்கள் தப்பின. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் தப்பியிருக்காது என்றார் டாக்டர். அடுத்த வாரம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு மாத வாடகை பேசினார். காலையில் சங்கு ஊதுவதிலிருந்து சாயங்காலம் சங்கு ஊதும்வரை கார் தொழிற்சாலை கேட்டுக்குள் நிற்க வேண்டும். யாருக்காவது அடிபட்டால் மட்டும் எடுக்க வேண்டும். அவரை ஸ்டேஷனிலிருந்து யார் கூட்டி வருவது என்று கேட்டேன். செலவைக் குறைக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவாம். அவர் ஜட்காவிலேயே வந்துகொள்வாராம்.

அன்று என்னைக் காணாமல் போய், மறுபடி வந்த சோழவரத்துக்காரரை வெறும் டீயோடு திருப்பி அனுப்பினேன். முதல் நாள் காலை, மேனேஜரை இறக்கிவிட்ட காதர் பாய், வேப்பமர நிழலில் கதவைத் திறந்து போட்டுப் படுத்திருந்த என்னிடம் வந்தார். வியர்த்து நின்ற குதிரையை ஒரு தடவை பார்த்தார், காரை ஒரு தடவை பார்த்தார். "அல்லா! ஓடறவனுக்குப் புல்லு, தூங்கறவனுக்குச் சம்பளமா?"

பெட்ரோலை மிச்சப்படுத்த நான் பட்ட பாடுகளில் கடைசிவரை பலித்தது ஒன்றே ஒன்றுதான்: வண்டியை எடுக்காமல் இருப்பது.