எட்டாம் மதகு நாள்

தொழிற்சாலை ஆண்டு விழாக் கோலப் போட்டியில் முதல் பரிசு ஹாட்பாக்ஸ். இரண்டாம் பரிசு ஒரு தடித்த நாவல். சசிரேகாவுக்கு வாய்த்தது இரண்டாவது. வயிற்றெரிச்சலோடுதான் அந்த 'எட்டாம் மதகை' வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

வல்லக்கோட்டையில் பிறந்து இருங்காட்டுக்கோட்டையில் வாழ்க்கைப்பட்டவள். ஒரகடத்தில் காரின் பக்கவாட்டுக் கண்ணாடி செய்யும் கம்பெனியில், முடிந்த கண்ணாடியில் கீறல் இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. நாளெல்லாம் தன் முகத்தையே பார்க்கிறவளுக்கு அலங்காரத்தில் ஆசை போய்விடும் என்பாள். அது பொய். பொட்டு வைக்காமல் அவள் பஸ் ஏறியதே இல்லை.

நாவல் அவளை மூன்று தடவை விரட்டியடித்தது. ஆடி இரண்டாம் வெள்ளி ஒரே நாளில் நடக்கிற கதை. ஒருத்தி செம்பரம்பாக்கம் ஏரியில் தண்ணீர் மொண்டு வீட்டுக்குத் திரும்புகிறாள், அவ்வளவுதான். கடைசி அத்தியாயத்தில் முற்றுப்புள்ளியே கிடையாது. உதிரிபாகம் வராமல் கம்பெனி லைன் நின்றுபோன ஒரு மழை வாரத்தில், நாலாவது தடவையாக, வாய்விட்டுப் படித்தாள். அப்போதுதான் பிடிபட்டது. கண்ணால் படித்தால் மூச்சு முட்டுகிற வாக்கியம், வாயால் படித்தால் நடந்து போகிறது.

அதற்குப் பிறகுதான் உண்மையான கஷ்டம். பேச ஆள் இல்லை.

"கத இன்னா?" என்று கேட்டான் புருஷன் திருமலை.

"ஒருத்தி தண்ணி மொண்டுகினு வூட்டுக்கு வர்றா."

"வந்துட்டாளா?"

"அத சொல்லாமலே முடிச்சிட்டாங்க."

"அப்ப எதுக்குப் படிக்கிற?" என்று லோடு ஏற்றப் போய்விட்டான். நல்ல மனுஷன்தான். ஆனால் அவனோடு அந்த நாவலைப் பேச முடியாது.

ஆண்டுதோறும் அந்த ஆடி வெள்ளியன்று நாவலின் வாசகர்கள் செம்பரம்பாக்கம் கரையில் குடத்தோடு நடக்கிறார்கள் என்று போனில் பார்த்தாள். தன்னைப் போல் இன்னும் நாலு பேர் இருக்கிறார்களே என்று மனசு பொங்கிவிட்டது. சூப்பர்வைசர் தமிழ்வாணனிடம் லீவு கேட்டாள்.

"யாருக்கு உடம்பு சரியில்ல?"

"யாருக்கும் இல்ல சார். ஒரு நாவலோட நாள்."

அவர் எத்தனையோ பொய்க் காரணம் கேட்டவர். உண்மையைக் கேட்டதும் தடுமாறிப்போனார். ஆனாலும் லீவு கிடையாது.

அந்த வெள்ளி விடிகாலை, கம்பெனி பஸ்ஸின் கடைசி சீட்டில் அவள் அந்தக் கடைசி அத்தியாயத்தைச் சத்தமாகப் படிக்கத் தொடங்கினாள். முதலில் சிரித்தவள் பக்கத்து சீட்டு கலைமதி. ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும், "குடு, எனக்கும் வாயி கீது," என்று புத்தகத்தை இழுத்தாள். லைனில் ஷிப்டு மாறுவது போலத்தான் மாற்றிக்கொண்டார்கள். கன்வேயர் நிற்காது. வருகிறவள் பக்கத்தில் நின்று இரண்டு மூன்று கண்ணாடியைச் சேர்ந்து பார்த்த பிறகே போகிறவள் கையை எடுப்பாள். இங்கேயும் இரண்டு குரலும் சேர்ந்து நாலு வார்த்தை படித்தபின் ஒரு குரல் ஒதுங்கியது.

கம்பெனி கேட் வந்துவிட்டது. வாக்கியம் முடியவில்லை. புத்தகத்தை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். பக்கத்தை மடித்து சீட்டிலேயே வைத்துவிட்டு இறங்கினாள். அதே பஸ்தான் ராத்திரி ஷிப்டுக்காரர்களைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போகும்.

அவள் மேஜையில் ராத்திரி ஷிப்டு பார்ப்பவள் ரத்னா, தெற்கத்திப் பெண். இருங்காட்டுக்கோட்டையில் வாடகை அறை. தினம் இரண்டு நிமிஷம் தோளோடு தோள் நிற்பார்கள். ட்ரே, கீறல் தவிர வேறு பேச்சு கிடையாது. அன்று கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சசிரேகா சொன்னாள்: "பஸ்ல கடைசி சீட்டுல ஒரு புக்கு கீது. மடிச்ச எடத்துலேந்து படி. சத்தமா படிக்கணும்."

ரத்னா அவளை ஒரு மாதிரி பார்த்தாள். ட்ரேயை நகர்த்திவிட்டுப் போய்விட்டாள்.

ஷிப்டு முழுக்க சசிரேகாவுக்கு வேலையே ஓடவில்லை. மதியம் திரும்பும் பஸ்ஸில் ஓடிப்போய்ப் பார்த்தால், கடைசி சீட்டு காலி.

"போச்சா?" என்றாள் கலைமதி.

சசிரேகா சீட்டுக்கு அடியிலும் குனிந்து தேடினாள். புத்தகம் போனதுகூடப் பெரிதில்லை. தன்னைப் பைத்தியம் என்று நினைத்து எவளோ தூக்கிப் போட்டிருப்பாளே என்றுதான் வலித்தது.

இருங்காட்டுக்கோட்டையில் இறங்கினாள். ஸ்டாப்பில் நைட்டி மேல் துண்டு போட்டுக்கொண்டு ரத்னா நின்றிருந்தாள். தூங்காத கண். இடுப்பில் புத்தகம்.

"சோறு வடிக்கும்போதும் விடலக்கா. ரூம்ல எல்லாரும் ஏசிட்டாளுவ," என்றாள். "அந்தப் பொம்பள வீடு வந்து சேந்தாளா இல்லியா?"

இந்தக் கேள்விக்காகத்தான் சசிரேகா எத்தனை நாள் காத்திருந்தாள். "நீ இன்னா நெனைக்கிற?"

"சேரல. குடத்தக் கரையிலயே வச்சிட்டு அப்படியே போயிட்டா. நானா இருந்தாலும் போயிருப்பேன்."

"அதெப்புடி. கடைசியில தண்ணி தளும்புற சத்தம் வருதில்ல? குடம் இல்லாம தண்ணி எங்கேந்து வரும்?"

"அது ஏரித் தண்ணிக்கா. திரும்பப் படிங்க."

ஸ்டாப் நிழலில் உட்கார்ந்து திரும்பப் படித்தார்கள், இரண்டு குரலும் சேர்ந்து. யாரும் ஒதுங்கவில்லை. நடுவில் போன் அடித்தது. திருமலை.

"எங்க கீற? பஸ்ஸு எப்பவோ போயிடுச்சே. வூட்டுக்கு வந்துட்டியா?"

"இன்னும் வரல," என்று சொல்லிவிட்டுப் போனை மடியில் கவிழ்த்து வைத்தாள் சசிரேகா.